ஜாடிக்கு ஏற்ற பொம்மை

தென்காசி
12.7.2025

என்னங்க,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. "தபாலாபீஸ்காரிதானே நீ, எழுதேன்" என்று போன தடவை சொல்லிவிட்டு வைத்தீர்கள். கிண்டலோ எரிச்சலோ தெரியவில்லை, நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் எழுத்துதான். எழுத்தில் ஒருவர் பேச்சை இன்னொருவர் பாதியில் வெட்ட முடியாது.

இந்தப் பார்சல் உங்களுக்கு இல்லை, ஜாடிக்கு. இங்கே மாடி அறையில் நாய் கூடாது என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் அவளை உங்களிடம் விட்டுவிட்டு வந்திருப்பேனா? வேலை முடிந்து வந்தால் அறையில் உட்காரவே முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். அவள் என்ன தின்றாளோ, எதை வாயில் வைத்தாளோ என்றே ஓடுகிறது.

தடித்த பருத்தித் துணியில் ஒரு முயல் தைத்திருக்கிறேன். உள்ளே பஞ்சு கிடையாது. துணியையே மடித்து மடித்துத் திணித்திருக்கிறேன். கண்ணுக்குப் பொத்தான் வைக்கவில்லை, நூலில்தான் போட்டேன். கடைப் பொம்மையின் வயிற்றில் அமுக்கினால் கத்தும் ஒரு பீப்பி இருக்கும், அது வெளியே வந்தால் விழுங்கிவிடுவாள். கூடவே ஒரு ரப்பர் வளையம். உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழும். அப்படி விழுந்தால்தான் பல்லுக்குக் கெடுதல் இல்லை. பந்து வாங்கவில்லை. கடையில் இருந்ததெல்லாம் சின்னது, தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும்.

மென்மையான வாய் உள்ள நாய் எதையும் குதறாது. கவ்விக்கொள்ளும், சப்பும், தூக்கிக்கொண்டு திரியும். அதற்குக் கெட்டியான சாமானே தேவையில்லை. இப்போது எதைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

லிசா

*

விருத்தாசலம்
18.7.2025

அன்புள்ள லிசாவுக்கு,

பார்சல் வந்தது. பட்டறையில் கொலுப் பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த சொர்ணாம்பாள் கையில் ஸ்பாஞ்சோடு எழுந்து வந்து பார்த்தாள். "ஐயே, இன்னாங்க இது, முயலா கழுதையா?" என்றாள். பட்டறை முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. (கொஞ்சம் சிரித்தேன்.)

ஜாடி முயலை மோந்து பார்த்தாள், உன் கை வாசனை போல. வாயில் கவ்விக்கொண்டு ஊர்வலம் போனாள். நேராகப் போய்ப் பொம்மை காயும் பலகையில், தசாவதார செட்டில் மீனுக்கும் ஆமைக்கும் நடுவில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். அதுவும் நாம் செய்த பொம்மை என்று நினைத்துவிட்டாள். சுற்றி இருந்தது அத்தனையும் சுடாத ஈரப் பொம்மை. ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. இந்த வாய்க்கா நீ பயப்படுகிறாய்?

எதைக் கடிக்கிறாள் என்று கேட்டாய் அல்லவா? பக்கத்து யூனிட்டில் கழித்துப் போட்ட பீங்கான் கட்டை. கரண்டுக் கம்பத்தில் கம்பி கட்டுவார்களே, அது. நீ போனதிலிருந்து அதோடுதான் கிடக்கிறாள். உடனே பதறாதே. பாதுகாப்பு பார்க்க எனக்கும் தெரியும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், கிண்ணென்று சத்தம் வந்தது. உள்ளே ஒரு விரிசல் இல்லை. சிமெண்டுத் தரையில் போட்டும் பார்த்தேன், உடையவில்லை. உடைந்து சில்லு குத்தினால்தானே ஆபத்து? அப்புறம், உடைந்த ஊறுகாய் ஜாடிக்குள் குட்டியாகக் கிடந்து கிடைத்தவள். பீங்கான் அவளுக்குத் தாய்வீடு.

பதவி உயர்வு வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் நீயே பக்கத்தில் இருந்து இதையெல்லாம் பார்த்திருக்கலாம். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட முகம் சுளிக்காதவள், திடீரென்று தென்காசிக்கு ஆர்டர் என்று காகிதத்தைக் காட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டினாய். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டோமினிக்

*

தென்காசி
23.7.2025

பீங்கான் நிபுணர் அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்ததும் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கட்டை உடையுமா என்று தட்டிப் பார்த்தீர்கள், போட்டுப் பார்த்தீர்கள். பல் உடையுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் இதே புத்திதான். கையில் இருக்கிற சாமான் விண்டுபோகக் கூடாது, மற்றது எக்கேடு கெட்டால் என்ன!

அந்தக் கட்டையில் உங்கள் நகத்தை அழுத்துங்கள். நகம்தான் மடங்கும். அதைத் தூக்கி உங்கள் முழங்கால் எலும்பில் ஒரு போடு போட்டுக்கொள்ளுங்கள். "ஐயோ" என்று வந்தால் அது நாயின் வாய்க்கும் ஆகாது. கறிக்குழம்பு எலும்பும் வேண்டாம், வெந்த எலும்பு கூராகச் சிலும்பும். தேங்காய் ஓடு வேண்டாம். கயிறு வேண்டவே வேண்டாம், நூல் நூலாகப் பிரிந்து வயிற்றுக்குள் போகும். ஒரு கேரட்டைக் குளிரவைத்து முழுசாகக் கொடுங்கள், ஆசையாகச் சப்புவாள்.

கட்டையை இன்றைக்கே பிடுங்கிப் போடுங்கள். போட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்குத் தூக்கமே சரியாக வரவில்லை.

முகம் சுளிக்காதவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் இருக்கிறது. இப்போது வேண்டாம்.

லிசா

*

விருத்தாசலம்
11.8.2025

அன்புள்ள லிசாவுக்கு,

பதில் தாமதம். கொலு சீசன், உனக்குத் தெரியாததா? சூளை ஆறுவதற்குள் அடுத்த லோடு நிற்கிறது. சாப்பாட்டு மேசையிலும் அஷ்டலட்சுமி செட்டுதான் காய்கிறது. நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

உன் பயம் வீண் என்பதற்கு ஒரு சந்தோஷமான செய்தி. ஜாடியின் வாய் முன்னைவிட இன்னும் மென்மையாகிவிட்டது! பொறை ரொட்டியைக் கடிக்கவே மாட்டேன் என்கிறாள். டீயில் ஊறவைத்துக் கொடுத்தால் நாக்கால் நக்கி நக்கிச் சாப்பிடுகிறாள், மகாராணி மாதிரி. பொம்மையைத் தூக்கினால் பல்லே படுவதில்லை, உதட்டால் பிடிக்கிறாள். போன வாரம் பாண்டிச்சேரியிலிருந்து சரக்கு எடுக்க சுப்புராயன் வந்திருந்தார். அவர் முன்னால் ஈரம் காயாத வெண்ணெய்க் கிருஷ்ணனைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தாள். மனுஷன் ஆடிப்போய்விட்டார். "இன்னாய்யா டோமினிக்கு, நாய்க்குமா வேலை கத்துக் குடுத்துட்ட? என் வூட்ல புள்ளைங்க இப்படித் தூக்காதுங்களே!" என்றார். நம் பட்டறைச் சாமிதுரை அதைப் போனில் வீடியோ எடுத்தான். நாம்தான் போனில் பேசக் கூடாதே, அதனால் உன் தங்கை அன்னாளுக்கு அனுப்பி உனக்குத் தரச் சொல்லியிருக்கிறேன்.

கட்டையை நான் பிடுங்கவில்லை. அவசியமே இல்லை. அவளே இப்போது அதைக் கடிப்பதில்லை, தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சும்மா படுத்திருக்கிறாள். நாம் வளர்த்த நாய் நம்மைப் போலத்தானே இருக்கும். அவள் உன் சாயல், சத்தமே போடாத பிறவி.

டோமினிக்

*

தென்காசி
16.8.2025

என்னங்க,

வீடியோவைப் பார்த்தேன். நேற்று சுதந்திர தின லீவு. நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அதையேதான் பார்த்தேன். அன்னாள்கூட "அக்கா, உனக்கு என்ன ஆச்சு? சூப்பரா தூக்குது, அதுல என்ன இருக்குது?" என்று கேட்டாள்.

எல்லோரும் கிருஷ்ணனைப் பார்த்தீர்கள். நான் அவள் தலையைப் பார்த்தேன். இடது பக்கம் சாய்த்துத் தூக்குகிறாள். அவள் அப்படித் தூக்கமாட்டாள். கீழே வைத்தபின் நாக்கை வெளியே வெளியே விட்டு உதட்டை நக்குகிறாள். வலது ஓரத்தில் எச்சில் ஒழுகுகிறது. சுப்புராயன் கைதட்டும்போது முன்காலால் முகத்தைத் தேய்த்துக்கொள்கிறாள். நீங்கள் எல்லோரும் சிரிக்கிறீர்கள்.

மென்மையான வாய் பிறவியில் வருவது. போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதல் மென்மை என்று ஒன்று கிடையாது. பொறையைக் கண்டால் உயிரை விடுகிறவள் அதைக் கடிக்கவில்லை என்றால் கடிக்க முடியவில்லை என்று அர்த்தம். அவளுக்கு வாய் வலிக்கிறது. உதட்டைத் தூக்கி உள்ளே பாருங்கள். வலது மேல்பக்கம், பின்னால் இருக்கும் பெரிய பல். தயவுசெய்து.

என் சாயல் என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். சாப்பாட்டு மேசையில் பொம்மை வந்தபோது நான் தட்டைத் தரையில் வைத்துக்கொண்டேன். கட்டிலில் என் பக்கம் அட்டைப்பெட்டி ஏறியபோது கூடத்தில் பாய் போட்டேன். கோணாங்குப்பம் மாதா கோவில் தேருக்காவது ஒரு நாள் போய்வருவோம் என்று ஒவ்வொரு ஜனவரியும் கேட்டேன். ஆர்டர் இருக்குது என்றீர்கள், சரி என்றேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க லிசா மாதிரி அமைதியான பொண்ணப் பாக்க முடியாது" என்று பெருமை பேசினீர்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது அமைதி இல்லைங்க. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டது. இந்த ஊருக்கு ஆர்டர் வந்த அன்றுதான் பத்து வருஷத்தில் நன்றாக மூச்சு விட்டேன்.

முதலில் அவள் வாயைப் பாருங்கள். என்னை அப்புறம் திட்டலாம்.

லிசா

*

விருத்தாசலம்
23.8.2025

லிசா,

நாயைச் சாக்கு வைத்துக்கொண்டு என் மேல் இருக்கிற பத்து வருஷக் கோபத்தைக் கொட்டியிருக்கிறாய். நல்லது. இவ்வளவு இருந்ததா உள்ளே? ஒரு நாளாவது "மேசையைக் காலி பண்ணுங்க" என்று சொல்லியிருந்தால் பண்ணியிருக்க மாட்டேனா? நான் என்ன ஜோசியக்காரனா?

நீ கொண்டாடுகிற ஜாடி நேற்று என்ன செய்தாள் தெரியுமா? சொர்ணாம்பாள் தரையைக் கூட்டும்போது அவள் தாடைக்கு அடியில் இருந்த கட்டையை இழுத்திருக்கிறாள். ஜாடி உறுமிவிட்டுக் கையைக் கவ்விவிட்டாள். ஆமாம், நம் ஜாடிதான். தோல் லேசாகத்தான் உரிந்தது, இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தோம். சொர்ணாம்பாள் அழுகிறாள். "என் கையால சோறு தின்ன நாயிங்க, என்னையே கடிச்சிட்டுது" என்கிறாள். பெண்கள் யாரும் அவள் பக்கத்தில் போகமாட்டேன் என்கிறார்கள். சாமிதுரை, "கிறுக்குப் புடிச்சிருக்குதுண்ணே. ஆட்டோல ஏத்தி கம்மாபுரம் பக்கம் சுரங்க மேட்டுல வுட்டுட்டு வந்துடறேன்" என்கிறான்.

அடுத்த ஞாயிறு வரை கட்டிப்போட்டுப் பார்ப்பேன். அதற்கு மேல் வேலையாட்களுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

டோமினிக்

*

தென்காசி
26.8.2025

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். நானே முத்திரை குத்தி, நானே பையில் போட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நம் பேச்சை மீறிப் போன் செய்தேன். "வேலையா இருக்கேன், நாய் நல்லாத்தான் இருக்குது" என்று வைத்துவிட்டீர்கள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. அதனால் இது.

அவளுக்குக் கிறுக்கு இல்லை. வலிக்கிற இடத்தை யார் இழுத்தாலும் கடிக்கத்தான் செய்யும். நீங்கள் செய்திருக்க மாட்டீர்களா? அவள் இத்தனை நாள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். பொறையை விட்டாள், கட்டையை விட்டாள், தலையைச் சாய்த்தாள். நீங்கள் கைதட்டினீர்கள். கடைசியில்தான் பல்லைக் காட்டினாள்.

அவளை எங்கேயும் கொண்டுபோய் விடக் கூடாது. விட்டுவிட்டால், டோமினிக், நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன். கல்யாணமானதிலிருந்து உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இது மிரட்டல்தான்.

வாயைத் திறந்து பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

லிசா

*

விருத்தாசலம்
19.9.2025

அன்புள்ள லிசாவுக்கு,

ஜாடி நலம். முதலில் அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடி. அப்புறம் மற்றதைப் படி. அன்னாளிடம் தகவல் சொல்லி அனுப்பினேன், உனக்கு வந்திருக்கும். முழுசாக எழுத எனக்கு இத்தனை நாள் தேவைப்பட்டது.

உன் ஸ்பீட் போஸ்ட் வந்தபோது சூளைக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். என் பெயரை உன் கையெழுத்தில் பார்த்ததும் கையில் இருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டேன். நேராக அவளிடம் போனேன். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காதைத் தடவினேன். வலது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம். மூன்று மாதமாக நான் பக்கத்திலேயே இருக்கிறேன் லிசா. கண்ணுக்குக் கீழே கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது, நான் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கினேன். நாற்றம் அடித்தது. நீ சொன்ன அதே பல், பக்கவாட்டில் ஒரு சீவல் அப்படியே பெயர்ந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது.

எத்தனை ஆயிரம் பொம்மையைத் தட்டித் தட்டி விரிசல் பார்த்திருப்பேன்! இந்த விரிசலை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாண்டிச்சேரிக்குச் சுப்புராயன் வேனில்தான் போனோம். வழியெல்லாம் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். டாக்டரம்மா பார்த்தவுடனே, "என்ன கடிக்கக் குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் பீங்கான் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாய் வலிக்குதுன்னு கத்தாதுங்க. சாப்பாட்டையும் நிறுத்தாது. மெதுவா சாப்பிடும். வீட்ல இருக்கறவங்க சாதுவாயிடுச்சுன்னு நினைச்சிப்பாங்க" என்றார். எனக்கு அவர் நாயைப் பற்றித்தான் பேசுகிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது. வெளியே வந்து வேன் பின்னால் நின்று அழுதேன். இதைச் சுப்புராயனிடம் கேட்காதே, மிகைப்படுத்திச் சொல்வார்.

பல்லை எடுத்தாயிற்று. இரண்டு வாரம் குழைந்த சோறும் மோரும். சொர்ணாம்பாள்தான் ஊட்டினாள், கடிபட்ட அதே கையால். "சொல்லத் தெரியாத ஜென்மம், பாவம், நாம இன்னாத்தக் கண்டோம்" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினாள். சாமிதுரை ஜாடியின் பக்கம் தலையைத் திருப்புவதில்லை, வெட்கம்.

இப்போது கதையைக் கேள். முந்தாநாள் காலையில் பட்டறைக்குள் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், உன் கழுதைமுயலை முன்காலுக்குள் அழுத்தி வைத்துக்கொண்டு ஜாடி கிழித்துக்கொண்டிருக்கிறாள்! உறுமிக்கொண்டு, தலையை உதறிக்கொண்டு, துணி பறக்கிறது. மென்மையான வாயாம்! அவளுக்கு இப்படிக் கடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் விசில் அடித்தேன் லிசா. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள்.

உடனே உன் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு துண்டை விழுங்கியிருந்தால்? கிழிந்ததையெல்லாம் பொறுக்கிக் காலிப் பலகையில் வைத்து, உடைந்த பொம்மையைச் சேர்த்துப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். முயல் முழுசாக வந்தது, ஒரு காது நுனி தவிர. தேடு தேடு என்று தேடினோம். கடைசியில் அவள் வயிற்றுக்கு அடியில்தான் கிடந்தது, நனைந்துபோய்.

பீங்கான் கட்டையைச் சில்லுக் குவியலில் எறிந்தேன். அப்போதும் அது உடையவில்லை.

உன் ஆகஸ்டு மாதக் கடிதத்தை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேனே, அது தப்பு. தேருக்குப் போகலாம் என்று கேட்டாய், அதுவே சொன்னதுதான். சரக்கெல்லாம் கொலுவுக்குப் போய்விட்டது. மேசை காலி. கட்டிலும் காலி. மறுபடி சீசன் வந்தாலும் காலியாக இருக்கும், அஷ்டலட்சுமிக்கு வெளியே கொட்டகை போடச் சொல்லிவிட்டேன். வேலையை விட்டுவிட்டு வா என்று இனிமேல் எழுத மாட்டேன்.

உனக்கு இன்னும் எங்கெல்லாம் வலிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கத் தெரியாதவன் என்பது நிரூபணமாகிவிட்டது. நீதான் காட்ட வேண்டும்.

டோமினிக்

*

தென்காசி
24.9.2025

என்னங்க,

தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படித்தேன். சுப்புராயனிடம் கேட்கவும் செய்தேன். வேன் பின்னால் நீங்கள் நின்ற நேரத்தில் அவர் இரண்டு டீ குடித்துவிட்டாராம்.

காது நுனியில் நூல் ஏதாவது பிரிந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? இன்னும் இரண்டு நாள் அவள் வெளிக்குப் போகும்போதும் பாருங்கள். துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஊசி, நூல், இன்னும் கெட்டியான துணி எல்லாம் கொண்டுவருகிறேன். குதறத் தெரிந்தவளுக்கு வேறு மாதிரி தைக்க வேண்டும்.

ஆமாம், வருகிறேன். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் லீவு, கூட இரண்டு நாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதன்பிறகு இங்கே திரும்பிவிடுவேன், அதில் பேச்சில்லை. வேலை பிடித்திருக்கிறது.

ஆனால் ஒன்று. மேசையைக் காலி செய்துவிட்டேன், இனி எல்லாம் சரி என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், காட்டத்தான் வருகிறேன். நாலு நாளும் பேசுவேன். குரல் உயரும். என்னென்ன வரும் என்று எனக்கே தெரியாது, இங்கே அறையில் நடந்து நடந்து சொல்லிப் பார்க்கிறேன், முடியவே மாட்டேன் என்கிறது. போனை மாதிரிப் பாதியில் வைக்க முடியாது, எதிரிலேயே இருப்பேன்.

புதன்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு ஜாடியையும் கூட்டி வாருங்கள். என்னைப் பார்த்துக் குரைத்தால் அதட்டி அடக்க வேண்டாம், குரைக்கட்டும். நான் கத்தினாலும் அப்படித்தான்.

லிசா